ஒரு கைச் சட்டை

எனக்குக் கதை எழுதத் தெரியும், சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே காரியம்தான் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கதை சொல்ல ஆரம்பித்தால் என் வீட்டுக் குழந்தைகளே மெள்ள எழுந்து பாட்டியைத் தேடிக்கொண்டு போய்விடும். ஆகவே, "வேம்பாரில் நூலகர்களுக்குக் கதை சொல்லப் பயிற்சி கொடுக்கிறார்கள். இரண்டு நாள். வந்து பார்த்து எழுதுங்கள்" என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டபோது, விமர்சகன் என்ற ஹோதாவில் போனேனா, மாணாக்கன் என்ற ஹோதாவில் போனேனா என்பது எனக்கே தெளிவில்லை.

வேம்பார் தூத்துக்குடிக்கு வடக்கே, விளாத்திகுளம் தாலுகாவில், கரிசல் காடு கடலைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பனையும் கருப்பட்டியும். மறுபக்கம் வலையும் மீனும். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரையின் ஏழு ஊர்களில் இதுவும் ஒன்று. முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது.

இந்தக் கரைக்கும் புத்தகத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நம்மில் பலர் மறந்துவிட்டோம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமாகிய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். அதைச் செய்த போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் ஊழியம் செய்தது முத்துக்குளித்துறையில். எட்டு வருஷம் கழித்து, 1586-இல், அவரே அடியார் வரலாறு என்று அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தார். புனிதர்களின் சரித்திரம், அதாவது கதைகள். அந்த நாளில் வலை இழுத்தவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்திருக்கும்? தெரிந்தவன் ஒருவன் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. தமிழ்நாட்டில் அச்சுப் புத்தகம் முதலில் காதுக்குத்தான் வந்திருக்கவேண்டும். கண்ணுக்கு வந்தது பிற்பாடு.

நூலகம் என்றாலே "சத்தம் போடாதே" என்ற பலகை நம் நினைவுக்கு வருவது இதற்கெல்லாம் மிகவும் பிந்திய ஏற்பாடு.

பலகையை மாட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் ராஜதானியில், 1948-இல். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கி ஊர் ஊராகப் புத்தகம் வைத்தோம். அதற்கும் முன்னால், 1931-இல், மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். இவ்வளவுக்கும் பின்னால் நின்ற ரங்கநாதனைப் பற்றி ஒரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, படிப்பதற்காக 1924-இல் லண்டனுக்குப் போகிறார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்க்கிறார். தகடுகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் பாலமும் ஆகும், வண்டியும் ஆகும். புத்தகங்களை வகைப்படுத்தவும் இந்த யுக்தி உதவுமே என்று அவருக்கு அங்கே பொறி தட்டிற்று. உலகம் முழுவதும் படிக்கப்படுகிற கோலன் பகுப்புமுறை அப்படிப் பிறந்தது. ஒரு குழந்தை விளையாட்டிலிருந்து பிறந்த சாஸ்திரத்தைப் பரீட்சைக்குப் படித்துத் தேறிய நம் நூலகர்கள், ஒரு பொம்மையோடு நூலகத்துக்குள் நுழைகிற பையனை என்ன செய்கிறார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். கடற்கரைப் பக்கம் ஒரு கூடம். சுற்று வட்டாரத்து நூலகர்கள் பதினைந்து பேர்; பாதிக்கு மேல் பெண்கள். பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் சென்னையிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்திருந்தார். கெட்டிக்காரர், உழைப்பாளி. இந்தக் கட்டுரையில் நான் அவரோடு சண்டை பிடிப்பேன்; ஆனால் முகாமில் சோம்பலின்றி உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒரு பெட்டியில் கைவேலைச் சாமான்கள்: வர்ணக் காகிதம், பசை, தெர்மோகோல், பனிக்கட்டிக் குச்சி. இன்னொன்றில் படக்கதைப் புத்தகங்கள். முதல் பெட்டியைப் பற்றி எனக்கு உடனே ஒரு குறை. ஜன்னலுக்கு வெளியே பனை நிற்கிறது. ஊர்க் குழந்தைகள் ஓலையில் காற்றாடி செய்வார்கள், கிலுகிலுப்பை செய்வார்கள். நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி விடுவார்கள். கூடத்து வாசலில் ஒரு கிழவி ஓலைக் கொட்டானில் கருப்பட்டி விற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே நாங்கள் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்த பச்சைக் காகிதத்தை வெட்டி இலை செய்துகொண்டிருந்தோம்! பயிற்சி முடிந்து பெட்டி ஊர் திரும்பியதும் இந்த நூலகர்கள் பச்சைக் காகிதத்துக்கு எங்கே போவார்கள்?

ஆனால் அந்தப் பெட்டியிலிருந்தே ஓர் அருமையான சாமான் வெளிவந்தது. ஜப்பானில் 1930-களில் சைக்கிளில் வந்து தெருவோரம் கதை சொல்லுவார்களாம். காமிஷிபாய் என்று பெயர். சைக்கிளின் பின்னால் ஒரு மரச்சட்டம், சின்ன நாடக மேடை மாதிரி. அதற்குள் படம் வரைந்த அட்டைகள். மிட்டாய் வாங்கிய குழந்தைகளுக்கு முன்வரிசை. சொல்லுகிறவன் ஓர் அட்டையை உருவினால் அடுத்த படம் தெரியும். சொல்லவேண்டிய வாசகம் அட்டையின் முதுகில் இருக்கும். டெலிவிஷன் வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. நம் அம்மாள் ஒரு பிஸ்கட் பெட்டியை வெட்டி அந்த மேடையைப் பத்து நிமிஷத்தில் செய்து காட்டினார். இதில் விசேஷம் என்னவென்றால், சொல்லுகிறவர் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்க்காமல் குழந்தைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அட்டையைப் பாதி உருவி நிறுத்தலாம். பாதி தெரிகிற புலி முழுப் புலியைவிடப் பயங்கரமானது என்பது எழுத்தாளனுக்கும் உபயோகமான பாடம். என் தொழிலில் அத்தியாயத்தின் கடைசி வரி செய்கிற வேலையை அங்கே ஒரு விரல் செய்தது.

படப் புத்தகங்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். பொதுவாக நம் நாட்டுப்புறக் கதைப் புத்தகங்களில் வருகிற ராஜா காலண்டரிலிருந்து இறங்கி வந்தவராக இருப்பார். ரோஜா நிறக் கன்னம், முறுக்கிய மீசை, பட்டு அங்கவஸ்திரம். குழந்தை தன் மனத்தில் ஒரு ராஜாவை உண்டாக்க இடமே இல்லை. வேலை முழுவதையும் ஓவியர் முடித்துக் கொடுத்துவிடுகிறார். இதற்கு மாறாக, சென்னை தாரா பதிப்பகத்தார் 1990-களில் வெளியிட்ட பசித்த சிங்கத்தின் கதை ஒன்று பெட்டியில் இருந்தது. கீதா உல்ஃப் எழுதியது. படம் இந்திரப்ரமித் ராய். மேற்கே மராட்டிய மலைவாசிகளின் வார்லி ஓவியத்தை ஒட்டிய படங்கள். வார்லியில் மனுஷன் என்றால் இரண்டு முக்கோணம், நாலு கோடு, தலைக்கு ஒரு வட்டம். முகமே கிடையாது. முகம் இல்லாததால் அவன் யாராகவும் இருக்கலாம்.

"இப்படியானால் நீங்களும் வரையலாமே" என்றார் பயிற்சி அம்மாள். கூடத்தில் ஒரே குரலாக, "எங்களுக்கு வரைய வராது மேடம்" என்றார்கள் பெண்கள். அத்தனை பேரும் அன்று காலை வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டுவிட்டு பஸ் ஏறியவர்கள்! கோலத்தில் மீன் இல்லையா, அன்னம் இல்லையா, தேர் இல்லையா? அதை வரைவது என்ற கணக்கில் அவர்கள் சேர்ப்பதே இல்லை. அம்மாளும் கேட்கவில்லை. வார்லி முக்கோணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். கோலப் புள்ளிகளைக்கொண்டு ஒரு நரிக்கதை சொல்ல முடியும் என்று ஒருத்தியாவது கண்டுபிடிப்பாள் என்று நான் காத்திருந்தது வீண்.

இன்னொரு குறையும் உண்டு. இதே ஜில்லாவில் இடைசெவலில் பிறந்து, 2021-இல் மறையும் வரை, வாழ்நாளெல்லாம் கிராமத்துக் கதைகளைத் திரட்டியவர் கி. ராஜநாராயணன். அந்தப் பெட்டியில் அவருடைய தொகுப்பு ஒன்றுகூட இல்லை. "அதில் படம் இல்லையே" என்று காரணம் சொன்னார்கள். பாட்டி சொன்ன கதையில் எப்போது படம் இருந்தது?

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயம்.

காகிதம் மடித்துச் சொல்லும் கதைகளில் பிரசித்தமானது கப்பல் தலைவனின் கதை. மேல்நாட்டுச் சரக்கு, குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா போன்றவர்கள் அதை நம் நாட்டில் காட்டியிருக்கிறார்கள். ஒரு பத்திரிகைத் தாளை மடித்தால் தொப்பி. அது தலைவனின் தொப்பி. மேலும் மடித்து இழுத்தால் கப்பல். கப்பல் கடலில் போகிறது. புயல். பாறையில் மோதி முன்பக்கம் உடைகிறது. கப்பலின் ஒரு முனையைக் கிழித்துப் போடவேண்டும். பின்பக்கம் உடைகிறது, இன்னொரு முனை. நடு உச்சி முறிகிறது, அதையும் கிழிக்கவேண்டும். "தலைவன் என்ன ஆனான்?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தைப் பிரித்தால், கழுத்தும் இரண்டு கை ஓட்டைகளும் உள்ள ஒரு சட்டை! தலைவன் போய்விட்டான், சட்டைதான் மிஞ்சிற்று. முதல் தடவை பார்க்கிறவர்கள் கை தட்டாமல் இருக்கமாட்டார்கள். நானும் தட்டினேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் ஊர்க் குழந்தைகளை அழைத்துவந்து உட்கார்த்தினார்கள். இளம் நூலகர் ஒருத்தி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். தொப்பி வந்தது, கப்பல் வந்தது, புயல் வந்தது. "டமார்! கப்பலின் முன்பக்கம் உடைஞ்சு போச்சு" என்று முனையைக் கிழித்தாள். முன்வரிசையில் ஒரு பையன், பத்து வயசு இருக்கும், எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, அணியம் போச்சுன்னா தண்ணி உள்ள ஏறிரும்லா? பெறகு எப்படி ஓடும்?"

அணியம் என்பது படகின் முன்புறம். பின்புறத்துக்கு அமரம் என்று பேர். பதினைந்து நூலகர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொற்கள் தெரியுமோ, எனக்குத் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். ஜோ டி குரூஸின் நாவல்களில் படித்ததோடு சரி. அந்தப் பெண் திகைத்தாள். முந்தின நாள் சொல்லிக்கொடுத்திருந்தபடி, "நல்ல கேள்வி. கதை முடிஞ்சதும் பேசலாம், சரியா?" என்று சிரித்துவிட்டுப் பின்பக்கத்தைக் கிழிக்கப் போனாள். பையன் உட்காரவில்லை. கதையில் அவனுக்கு இருந்த அக்கறை போய்விட்டது. வாசல் பக்கம் நகர ஆரம்பித்தான்.

பின்னால் சுவரோரம் ஒரு வயதான நூலகர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் ஓரிரண்டு வருஷம் இருக்கலாம். இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தூங்கினார்கூட. அவர் தான் மடித்து வைத்திருந்த காகிதக் கப்பலை நீட்டி, "ஏலே, இங்க வா. இவங்களுக்குத் தெரியல. எது மொதல்ல உடையும், நீ கிழிச்சுக் காட்டு" என்றார்.

பையன் கப்பலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காத்து பலமா அடிச்சா மொதல்ல பாய்மரந்தான் சார் போகும்" என்று நடு உச்சியைக் கிழித்தான். பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்ப பாருல மோதுது" என்று ஒரு முனையைக் கிழித்தான். பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. இன்னொரு முனையைக் கிழிக்கச் சொல்லிப் பயிற்சி அம்மாள் சைகை காட்டினார். பையன் தலையை ஆட்டினான்.

"அமரத்தைக் கிழிக்க மாட்டேன். அதுலதான் ஆளு நிக்கான்."

"சரி, பிரி" என்றார் கிழவர்.

பிரித்தான். சட்டை வந்தது. கழுத்து இருந்தது, கை ஓட்டை ஒன்றுதான் இருந்தது. குழந்தைகள் கொல்லென்று சிரித்தன. "ஒரு கை சட்டை! ஒரு கை சட்டை!" பையன் முகம் சிவந்துவிட்டது. சட்டையைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான். ஒரு நிமிஷம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தவர்கள் பக்கம் திரும்பி, கொஞ்சம் கோபத்தோடேயே சொன்னான்:

"இன்னொரு கையால சுக்கானைப் பிடிச்சிருக்காம்லா!"

கூடம் அடங்கிவிட்டது. அந்த ஆள் கரைக்கு வந்தானா என்று ஒரு சிறுமி கேட்டாள். அதற்குப் பிறகு கால் மணி நேரம் யார் சொன்னது, யார் கேட்டது என்று பிரிக்க முடியாதபடி அந்தக் கதை ஓடிற்று. ஒருவன் கொண்டல் காற்றைக் கொண்டுவந்தான், ஒருவன் விசைப்படகைக் கொண்டுவந்தான். கடைசியில் ஆள் பிழைத்தான் என்றுதான் ஞாபகம். நான் எழுதிக்கொள்ள மறந்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மேரி ஷெட்லாக் என்ற ஆங்கில ஆசிரியை 1915-இல் வெளியிட்ட, கதை சொல்பவரின் கலையைப் பற்றிய நூல். 1900-இல் அமெரிக்காவுக்குப் போய் அவர் கதை சொன்னதும் பேசியதும் அங்கே குழந்தைகள் நூலகங்களில் கதை நேரம் வேரூன்ற ஒரு முக்கியமான காரணம். அந்த அம்மாள் முதல் அத்தியாயத்திலேயே, எப்படிச் சொல்லவேண்டும் என்பதற்கு முன்னால், எப்படியெல்லாம் கதை கெட்டுப்போகும் என்று அபாயங்களை அடுக்குகிறார். அளவுக்கு மீறிப் படமும் பொருளும் காட்டுவது ஓர் அபாயம். நடுவே கேள்வி கேட்டு வகுப்பின் ஒத்துழைப்பைச் சம்பாதிக்கப் பார்ப்பது ஓர் அபாயம். விளக்கம் மிஞ்சிப்போவது ஓர் அபாயம்.

நம்முடைய முகாமில் இந்த அபாயங்களில் பாதியைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டும், படத்தைக் காட்டி "இது என்ன நிறம்?" என்று கேட்கவேண்டும், கதை முடிந்ததும் ஒரு பொம்மை செய்யவைத்துச் சுவரில் ஒட்டவேண்டும். இந்த விவகாரத்தில் நான் ஷெட்லாக் அம்மாள் கட்சி. சிங்கம் பாயப் போகிற சமயத்தில் அதன் நிறத்தை விசாரிப்பது கதைக்குச் செய்கிற துரோகம். கதை முடிந்தபின் ஒட்டுகிற பொம்மை, கல்யாணம் முடிந்தபின் வாசிக்கிற நாதஸ்வரம்.

ஆனால் ஓர் இடத்தில் அந்த அம்மாளையும் விட்டுப் பிரியவேண்டியிருக்கிறது. அவருடைய கதைசொல்லி மேடையில் நிற்கிறார். குழந்தைகள் மெய்ம்மறந்து மௌனமாகக் கேட்கின்றன. நம் ஊரில் கதை கேட்பவன் சும்மா இருந்தால் சொல்லுகிறவருக்குச் சொல்ல வராது. "உம் கொட்டுலே" என்பார்கள். வில்லுப்பாட்டில் அதற்கென்றே ஆள் உட்கார்ந்து "ஆமா" போடுகிறார். உம் கொட்டுவது கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரி அல்ல. கேட்பவன் கதைக்கு ஒரு தோள் கொடுக்கிறான். உம் நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். உம் மாறினால் அவனுக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். "தண்ணி உள்ள ஏறிரும்லா" என்று அந்தப் பையன் எழுந்து நின்றானே, அது சம்மதமில்லாத உம். முகாமின் பாடத்திட்டத்தில் நூலகர் கேட்கிற கேள்விக்கு இடம் இருந்தது. குழந்தை போடுகிற ஆட்சேபத்துக்கு இடம் இல்லை. கிழவருக்குப் பயிற்சியினால் அது தெரிந்ததா, தூங்கி எழுந்ததால் தெரிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்று ஒரு பெரியவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைகளிடம் வந்தவர், 1939-இல் காலமானார். அவருடைய பகல் கனவு தமிழிலும் வந்திருக்கிறது. அதில் வருகிற வாத்தியார் முதல் நாள் வகுப்பில் அமைதி விளையாட்டு நடத்தப் பார்த்துத் தோற்றுப்போகிறார். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். பையன்கள் விடமாட்டேன் என்கிறார்கள். அந்தக் கதையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய வகுப்பு நூலகம் வருகிறது. நான் கவனித்த விஷயம், தோல்வியை முதலில் எழுதுகிற தைரியம். நம் பயிற்சிகளில் எல்லாக் கதையும் வெற்றி. அறிக்கையில் எல்லாக் குழந்தையும் சிரிக்கிறது.

நூலகர்களின் தயக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில்தான் அது வெளிவந்தது. ஓர் ஊரில் (எந்த ஊர் என்பது வேண்டாம்) படப் புத்தகங்கள் முழுவதும் பூட்டிய பீரோவில் இருக்கின்றனவாம். கிழிந்தாலும் தொலைந்தாலும் கணக்குச் சொல்லவேண்டியது தான்தானே என்றார் ஒருவர். இருப்புப் பதிவேட்டைப் பார்க்க வருகிறவர்கள் எத்தனை குழந்தை கதை கேட்டது என்று கேட்பதில்லை. புத்தகம் முந்நூற்றுப் பன்னிரண்டா, முந்நூற்றுப் பதினொன்றா என்றுதான் கேட்கிறார்கள். புத்தகம் உபயோகத்துக்குத்தான் என்பதை முதல் விதியாக வைத்து ரங்கநாதன் 1931-இலேயே எழுதினார். அதைப் பரீட்சையில் எழுதித்தான் எல்லோரும் தேறியிருக்கிறார்கள். சாவி இடுப்பில் இருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் கையில் ஒரு பத்திரிகைத் தாளைக் கொடுத்து, "கிழி" என்று சொன்னதுதான் அந்த முகாமில் நடந்த பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கிழிக்கும்போது சிலருடைய கை உண்மையிலேயே நடுங்கிற்று.

மாலையில் பஸ்ஸுக்கு முன்னால் பயிற்சி அம்மாளிடம், அடுத்த தடவை அச்சடிக்கிற கைப்பிரதியில் ஒரு கைச் சட்டையின் படத்தையும் போடுவீர்களா என்று கேட்டேன். அவர் நிதானமாக யோசித்தார். "போட்டால் மடிப்பில் தப்பு என்று நினைத்துக்கொள்வார்களே" என்றார். நியாயமான பயந்தான். அதற்குள் பெட்டிகளைக் கட்ட ஆள் வந்துவிட்டது.

காகிதச் சட்டையைத் தேடினேன். பையன் அதைக் கொண்டுபோய்விட்டானாம். கிழவர் தம் பையிலிருந்து இன்னொரு பத்திரிகைத் தாளை எடுத்து, மடியில் வைத்துத் தொப்பி மடித்துக்கொண்டிருந்தார்.